தகப்பன் பெயர் தவராசா

இளமதி பிறந்த பதினோராம் நாள் தவராசா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு கிலோ பூந்தியோடு இலங்கை அகதிகள் முகாம் அலுவலகத்துக்குப் போனார். அன்று செக்கிங் நாள். முகாமில் இருக்கிற எல்லாரும் வரிசையில் நின்று, நாங்கள் எங்கும் போய்விடவில்லை, இங்கேதான் இருக்கிறோம் என்று ஆள் காட்ட வேண்டிய நாள். அந்த வரிசையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டே நின்று பழகிய மனிதர், அன்றைக்கு மட்டும் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, என்ட பிள்ளையின்ட பேரையும் எழுதுங்கோ."

அதிகாரி எழுதினார். இளமதி, பெண், வயது பதினொரு நாள், தகப்பன் பெயர் தவராசா. எழுதியதைத் தலைகீழாகவே இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தவராசா பூந்திப் பொட்டலத்தைப் பிரித்தாராம். அவர் மனைவி கயல்விழிக்கு இதை வந்து சொன்னவர்கள், அந்த மனிதர் இப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை என்றார்கள்.

கயல்விழியின் அண்ணன் காத்தவராயன் அதற்கு முந்தின நாளே தேவனாம்பட்டினத்திலிருந்து வந்து, வேறு ஒரு யோசனை சொல்லியிருந்தான். மீன் வாடை போகாத சட்டையோடு வாசலில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே பேசினான்.

"மச்சான், புள்ள பேர எங்க வூட்டு ரேசன் கார்டுல சேத்துடறேன். ஒங்க முகாம் நோட்டுல வாணாம். இன்னிக்கித் தெரியாது. நாளைக்கி இஸ்கோலு, வேலைன்னு வரும்போது அது கால சுத்தும்."

"ஏன் மச்சான், பிள்ளைக்குத் தகப்பன் இல்லையோ?"

தவராசா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். காத்தவராயனும் சிரித்து, "அட போய்யா, ஒன் புள்ள, நீ வச்சிக்க" என்று விட்டுவிட்டான். உள்ளே பாயில் குழந்தையோடு படுத்திருந்த கயல்விழிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அண்ணன் சொல்வது சரி என்று அவளுக்குத் தோன்றியது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனிதரின் முகம் என்ன ஆகும் என்று நினைத்தாள். குழந்தையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

ஏறத்தாழ பதினெட்டு வருஷம் கழித்து, ஒரு ஜூலை மாதத் திங்கட்கிழமை, தாலுகா அலுவலகத்தில் துணை தாசில்தார் கலைமணி அந்தப் பதிவேட்டின் நகலைத்தான் மேசை மேல் விரித்து வைத்திருந்தார்.

"நீங்க இந்தியா. அத நான் இல்லன்னு சொல்லலம்மா. பொண்ணு சிதம்பரத்துல பொறந்துருக்கு, அதுக்கும் சர்டிபிகேட் இருக்கு. எல்லாம் சரி. ஆனா ரெண்டாயிரத்து நாலு டிசம்பருக்கு அப்பறம் பொறந்த பிள்ளைக்கு இங்க பொறந்தா மட்டும் போதாது. தாயி தகப்பன்ல ஒருத்தர் இந்தியரா இருந்தா, இன்னொருத்தர் முறையான பேப்பரோட நாட்டுக்குள்ள வந்தவரா இருக்கணும். ஒங்க வீட்டுக்காரரு படகுல வந்தவரு."

"அவுங்க வந்தப்ப பன்னெண்டு வயசு சார். குண்டு போட்டானுங்கன்னு தூக்கிக்கினு வந்தாங்க."

"பன்னெண்டோ அம்பதோ, விசா இல்லாம வந்தா சட்டவிரோதமா வந்தவருன்னு சட்டம் ஒரே பேருதான் வச்சிருக்குது."

"புள்ள இந்தியர்னு சர்டிபிகேட் வியாழக்கிழம காலேஜுக்குக் குடுக்கணும் சார். கால்நட மருத்துவம். கவுன்சிலிங்ல பேரு வந்துருக்குது. இந்தியரான்னு கேட்டுருந்த எடத்துல ஆமான்னு போட்டுட்டா புள்ள."

கலைமணி கெட்ட மனிதர் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் மாட்டிக்கொண்டார், அந்த நகலைத் திரும்பவும் பார்த்தார். பார்ப்பதால் எழுத்து மாறிவிடுமா என்ன.

"தகப்பன் யாருன்னே தெரியாத பிள்ளைன்னாகூட மேல எழுதிக் கேக்கலாம். இங்க தகப்பன் யாருன்னு ரொம்பத் தெளிவா இருக்கும்மா. நான் என்ன பண்ணுவேன்?"

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் கயல்விழி சட்டென்று திரும்பினாள். தன்னைச் சுற்றி யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தாள். இளமதி வெளியே வேப்ப மரத்தடியில், யாரோ கட்டிப் போட்டிருந்த ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகாமில் எந்த ஆடு ஈன்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். டாக்டரம்மா என்று கேலியாக ஆரம்பித்த பெயர், அவள் பத்தாவது படிக்கும்போதே நிஜமாகிவிட்டிருந்தது.

தகப்பன் யார் என்பது அப்படி ஒன்றும் தெளிவு இல்லை. அது தெளிவு இல்லை என்பது இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

கயல்விழி மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தபோது, கடைக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் தவராசா. எது கேட்டாலும் "ஓம்" என்பார். டீ வேணுமா, ஓம். ஏணிய நகர்த்தட்டா, ஓம். "இன்னாங்க, கோயில்ல உக்காந்துருக்கற சாமியார் மாதிரி ஓம் ஓம்னுகினு" என்று அவள் சிரித்தாள். கடைச் சுவர் மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டியது. ஒன்பது நாள் ஆனது. வீட்டில் சண்டை போட்டு, அழுது, கடைசியில் காத்தவராயனே முன்னால் நின்று கல்யாணத்தை முடித்து வைத்தான்.

ஐந்து வருஷம் குழந்தை இல்லை. சிதம்பரத்தில் டாக்டர் தமிழ்ச்செல்வியிடம் போனார்கள். படகில் வந்து இறங்கிய அந்த வருஷம் முகாமில் தவராசாவுக்குப் பொன்னுக்கு வீங்கி கண்டு, வெறும் மஞ்சள் பற்றுப் போட்டே விட்டிருந்தார்கள். அது அப்போதே உள்ளே எல்லாவற்றையும் முடித்துவிட்டது என்றார் டாக்டர். வேறு ஒருவருடைய விந்தணுவை வாங்கிச் செலுத்தினால் கயல்விழியின் வயிற்றில் குழந்தை தங்கும் என்றார். கொடுத்தவர் யார் என்பது அவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. புதுச்சேரியில் சேகரிக்கிற இடத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வரும், அவ்வளவுதான். தவராசா இரண்டே கேள்வி கேட்டார். பிள்ளை கயலைப் போல இருக்குமா, யாருக்கும் தெரிய வருமா. பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அதன் பின் ஒரு நாளும் அந்தப் பேச்சை அவர்கள் எடுத்ததில்லை. எடுக்காமல் இருப்பதே அவர்களுக்கு ஒரு விதமான கொஞ்சலாக இருந்தது.

விந்தணு கொடுத்தவன் புதுச்சேரிப் பக்கத்துப் பையனாகத்தான் இருப்பான் என்று டாக்டர் அன்று வாய் தவறிச் சொன்னது கயல்விழிக்கு ஞாபகம் இருந்தது. அப்படியானால் இளமதியின் ரத்தத்தில் இருக்கிற இரண்டு பேருமே இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். இதற்கு ஒரு காகிதம் கிடைத்தால் போதும். அந்தக் காகிதத்தைத் தவராசாவின் கண்ணில் படாமல் கலைமணியிடம் மட்டும் காட்ட முடியுமா என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். முடியாது என்றும் தெரிந்தது. ஆனாலும் புதன்கிழமை காலை, அண்ணன் வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும் திரும்பிவிடலாமா என்று இருந்தது. வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது, இறங்கினாலும் திரும்பிப் போக முகம் இல்லை என்று தோன்றியது.

மேல வீதியை ஒட்டிய சந்தில் அதே ஆஸ்பத்திரி. டாக்டருக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. கயல்விழி பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டு, கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவள் வந்த காரியத்தைத் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "ரெண்டு பேரும் சேந்து வந்துருக்கலாமே" என்றார்.

"அவுங்களுக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா உசுர வுட்டுரும் அந்த மனுசன்."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நேத்து அவர் இங்க வந்துட்டுப் போனாரு."

கயல்விழிக்குப் புரியவில்லை.

"நேத்து சாயங்காலம். கடைசி ஆளா உக்காந்துருந்தாரு. இதே நாற்காலி. நான் அந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லன்னு எழுதிக் குடுங்கோ டாக்டர், வீட்டுக்காரிக்குச் சொல்லாதீங்கோ, அவ தாங்க மாட்டான்னாரு."

முந்தின நாள் நெய்வேலிப் பக்கம் பெயிண்ட் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவர். திரும்பி வந்து, அங்கே சுவர் ஈரம், பெயிண்ட் பிடிக்கவில்லை என்றுகூடச் சொன்னார். அந்தப் பொய்யை அவர் எப்படி யோசித்து யோசித்துச் சேர்த்திருப்பார் என்று நினைத்தபோது கயல்விழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் மேசை என்றுகூடப் பார்க்காமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"குடுத்தீங்களாம்மா?"

"என்னத்தைக் குடுக்கறது? பழைய பைலெல்லாம் வெள்ளத்துல போச்சு. இருந்தாலும் உதவாது, கயல்விழி. இந்த மாதிரி பொறக்கற பிள்ளைங்க கணவன் மனைவி ரெண்டு பேரோட சொந்தப் பிள்ளைதான்னு இப்ப சட்டமே எழுதிட்டாங்க. விந்து குடுத்தவனுக்குப் பிள்ளை மேல எந்த உரிமையும் கிடையாது. அவன் ஊரும் நாடும் பிள்ளைக்கு வராது. அந்த வரி வேணும்னு கேட்டவங்கள்ல நானும் ஒருத்தி. ஆம்பளைங்க கையெழுத்தும் போட்டுட்டு, பின்னால ஒரு சண்டை வந்தா இது என் ரத்தம் இல்லன்னு பிள்ளைய வுட்டுட்டுப் போயிடறாங்கன்னு." அவர் குரல் இறங்கியது. "பிள்ளைக்காகத் தகப்பன் இப்படி வந்து நிப்பான்னு நாங்க யாரும் நெனைக்கல."

வீட்டுக்குத் திரும்பியபோது தவராசா கதவோரம் உட்கார்ந்து பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். இளமதி பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் காலில் கட்டுப் போடப் போயிருந்தாள்.

"அண்ணன் எப்படி இருக்கிறார்?" என்றார்.

"நெய்வேலி செவுரு காஞ்சிச்சா?" என்றாள்.

பிரஷ் டப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்த டாக்டருக்கு வாய் நிக்காது" என்றார்.

"யாரக் கேட்டு போன நீ?"

"நீ யாரைக் கேட்டுப் போன?"

"நான் பெத்தவ."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எங்கே போய் விழுந்தது என்று அவளுக்கு உறைத்தது. தவராசா விரலில் ஒட்டியிருந்த பச்சை பெயிண்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புடவையில் பெயிண்ட் ஒட்டியது.

"அப்பிடி நெனச்சி சொல்லல."

"தெரியும். கயல், நான் ஒண்டு யோசிச்சனான். அவளுக்கு என்னால கிடைச்சது இந்த முகாம் மட்டும்தான். மூக்குகூட என்ட இல்ல. தாயின்ட நாடு அவளுக்கு வாறதுக்கு நான் குறுக்கால நிக்கிறன். நான் விலகினா கிடைக்குமெண்டா விலகிறன். டாக்டர் முடியாதெண்டா என்ன, வக்கீலைக் கேப்பம்."

"வெலகிட்டு அவகிட்ட இன்னா சொல்லுவ?"

தவராசா மறு கையால் பிரஷ் டப்பாவைத் தள்ளி வைத்தார்.

வியாழக்கிழமை வந்தது. சென்னைக் கலந்தாய்வுக்குப் போக வேண்டிய நாளில், அவர்கள் மூவரும் கடலூர் கோர்ட்டுக்கு எதிரில் வக்கீல் கோவிந்தசாமியின் அறையில் இருந்தார்கள். இளமதியை ஜெராக்ஸ் எடுத்துவர அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார்கள். பதினெட்டு வருஷம் பொத்தி வைத்ததைச் சொல்லி முடிக்க நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

"டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துக் காட்டினா?" என்றாள் கயல்விழி.

"எடுத்து? நீங்க ரெண்டு பேரும் சேந்து வாழ்ந்துக்கிட்டுருந்தப்ப பொறந்த பிள்ளை. புருசன்தான் அப்பா. கோர்ட்டு அதுக்கு மேல தோண்டாது. பிறப்புச் சான்றுல இவர் பேரு, ஸ்கூல்ல இவர் பேரு, முகாம் ரெஜிஸ்டர்ல இவரே போய் எழுத வச்சிருக்காரு. அப்படியே தோண்டினாலும் தகப்பன்ங்கற கட்டம் காலியாத்தான் ஆவும். காலிக் கட்டத்துலேருந்து குடியுரிமை வராதும்மா." வக்கீல் தவராசா பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க எழுதிக் குடுத்தாலும், சத்தியம் பண்ணினாலும், ஊரக் கூட்டிச் சொன்னாலும், சட்டப்படி நீங்கதான் அந்தப் பொண்ணுக்குத் தகப்பன். இத யாராலும் மாத்த முடியாது."

யாராவது ஒருவர் இதை இவ்வளவு உறுதியாகத் தன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று தவராசா எத்தனை வருஷம் ஏங்கியிருப்பார் என்பது கயல்விழிக்குத் தெரியும். பிள்ளை யார் ஜாடை என்று யாரேனும் கேட்டால் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். இப்போது அவர் எங்கேயும் போகவில்லை. "ஓம்" என்றார், மிக மெல்ல. கண்ணிலிருந்து இறங்கியதைத் துடைக்கவும் இல்லை.

"ஒரே ஒரு வழிதான் இருக்கு" என்றார் வக்கீல். "மைனர் பிள்ளைய விசேஷக் காரணம் காட்டிப் பதிவு பண்ணிக்கச் சொல்லி மத்திய அரசுக்கு மனு போடலாம். பொண்ணுக்குப் பதினெட்டு முடிய இன்னும் இருபத்தாறு நாள் இருக்கு. இன்னிக்கே போட்டுருவோம். எப்ப பதில் வரும்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. ஏழு வருஷமா பதில் வராத மனுவெல்லாம் எங்கிட்ட இருக்கு."

"இந்த வருசம் சீட்டு?"

"அத மறந்துடுங்கம்மா."

இளமதி ஜெராக்ஸ் கட்டோடு உள்ளே வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் எடுத்துட்டேன் சார்" என்று மட்டும் சொன்னாள். வக்கீலின் குமாஸ்தா முத்தம்மாள் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினாள். தெரிந்த கேள்விகளாகவே வந்தன. பிறந்த இடம், சிதம்பரம். தாயின் குடியுரிமை, இந்தியா. இந்தியாவில் எத்தனை காலமாகத் தங்கியிருக்கிறார்.

"பொறந்ததுலேருந்து" என்றாள் இளமதி.

மனுவின் முதல் வரியை முத்தம்மாள் வாய்விட்டுப் படித்தாள். மேற்படி சிறுமி இந்தியக் குடிமகள் அல்லாதவர் என்பதால். இளமதி பக்கத்தில் போய்க் குனிந்து அந்த வரியைத் தானும் ஒரு தடவை படித்தாள்.

"நான் இந்தியா இல்லன்னு நானே சொன்னாத்தான் இந்தியாவுல சேத்துப்பாங்களாக்கா?"

"அப்பிடித்தான் பாப்பா கேக்குது. எதுவும் நெனச்சிக்காத."

"அப்ப கவுன்சிலிங் பார்ம்ல ஆமான்னு போட்டது பொய்யா?"

முத்தம்மாள் அடுத்த கட்டத்துக்குப் போனாள். தற்போதைய குடியுரிமை. அதில் அம்புக்குறியைத் தட்டினால் நாடுகளின் பெயர்கள் வரிசையாக இறங்கின.

"சார், இங்க இன்னா போடறது? இலங்கைன்னு போடட்டா?"

"போடாத. அங்க அந்தப் பொண்ண எவனும் பதியல. போட்டா அந்த நாட்டு பாஸ்போர்ட்டக் கேப்பான். காலியா வுடு."

"வுட்டா அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது சார்."

வக்கீல் எழுந்து வந்து பார்த்தார். தானே இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். சென்னையில் இந்த மாதிரி மனுக்கள் போட்ட ஒருவரைத் தனக்குத் தெரியும், கேட்டு வருகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். முத்தம்மாள் தண்ணீர் பாட்டிலோடு வெளியே போனாள். போகும்போது, "பாப்பா, அதுல கை வச்சிடாத. மேலயே இந்தியான்னு ஒண்ணு இருக்கும், அதத் தொட்டுட்டா மொத்த பார்மும் செல்லாமப் பூடும்" என்றாள்.

இளமதி அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். கயல்விழியும் தவராசாவும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வராந்தாவில் வக்கீல் யாரிடமோ, இல்ல சார், அம்மா இந்தியாதான், அப்பாதான் சிக்கல், என்று சொல்லிக்கொண்டிருப்பது தெளிவாகக் கேட்டது.

"அம்மா" என்றாள் இளமதி, திரும்பாமலே. "எரநூறு நாட்டுக்கு மேல இருக்கும் போல. எதனா ஒண்ணு சொல்லேன்."

கயல்விழி வாயைத் திறந்தாள். தவராசா அவள் கையைத் தடுப்பதுபோலப் பிடித்தார், இல்லை, பிடிமானம் வேண்டிப் பிடித்துக்கொண்டார். வெளியே வக்கீல் இன்னொரு நம்பரை அழுத்தினார்.